கிணற்றடி ராட்சசனின் அம்மா

செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நான் செத்துக்கொண்டிருந்த காலம் அது. காஸ் லைட் வெளிச்சத்தில், ஜனங்கள் கைதட்ட, ராஜகுமாரன் தகரக் கத்தியால் என் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். நான் சுற்றிச் சுழன்று விழுவேன். விழுந்த பிறகும் காலை ஒருமுறை உதறினால் முன்வரிசைக்குச் சந்தோஷம் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். நாடகக் கம்பெனியில் எனக்கு ராட்சசன் வேஷம். வேறு வேஷம் கிடையாது.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. தாராபுரத்துப் பக்கத்திலிருந்து அப்பா என்னைச் சிறு பிராயத்தில் கம்பெனியில் கொண்டுவந்து விட்டபோது, அம்மா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு நல்ல குரல், மொழுமொழுவென்று முகம். ராஜகுமாரி வேஷம் கொடுத்தார்கள். என்னைப் பார்ப்பதற்கென்றே சனிக்கிழமை ஆட்டத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மீசை அரும்புகிற வயதில் அம்மை போட்டது. படுக்கையிலிருந்து எழுந்தபோது முகமெல்லாம் குழி, ஒரு புருவம் பாதி காணவில்லை, அதற்குள் உயரமும் வந்து சேர்ந்துவிட்டது. வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போகட்டும், ராட்சசனுக்கு இனி ஆள் தேட வேண்டாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த வருஷம் காரமடையில் மாசித் தேருக்கு முன்பே கொட்டகை போட்டோம். கதை இதுதான்: நடுக்காட்டில் ஒரு கிணறு, கிணற்றுக்குள் ஒரு ரத்தினம், கிணற்றடியில் ஒரு ராட்சசன். ராஜகுமாரன் வந்து ராட்சசனைக் கொன்று ரத்தினத்தை எடுத்துப்போய் ராஜகுமாரியைக் கல்யாணம் செய்துகொள்வான். பாட்டெல்லாம் அவர்கள் இருவருக்கும்தான். எனக்கு ஒரு கர்ஜனை, "யாரடா அங்கே" என்று ஒரு வசனம், மறுபடி ஒரு கர்ஜனை, அப்புறம் சாவு.

கம்பெனி வீட்டில் இடம் போதவில்லை என்று என்னையும் பபூனையும் தனியாக ஒரு லைன் வீட்டில் தங்கவைத்தார்கள். வரிசையாக நாலைந்து அறைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் ஓடு வரைக்கும் எட்டாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். பக்கத்து அறையில் கடுகு வெடித்தால் நம் அறையில் வெடித்த மாதிரி கேட்கும். ஒரே வாரத்தில் பபூன் பேசும்படத்தில் நடிக்கப்போகிறேன் என்று மதராசுக்கு ரயிலேறிவிட்டான். அவன் இருந்தவரை ஓயாமல் பேசுகிறான் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவன் போன பிறகு, கொட்டகை வசனத்தைத் தவிர நாள் முழுக்க வாய் திறக்க எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

பக்கத்து அறையில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மகன் பீளமேட்டில் நூல் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து போவான். மருமகளுக்கு ஆறாம் மாசம். தாய் இல்லாத பெண். பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடு இல்லை.

தேரன்று பகலிலும் ஒரு ஆட்டம் வைத்தார்கள். வந்த கூட்டம் கொட்டகைத் தண்ணீர்த் தொட்டியைத் துடைத்து வைத்துவிட்டது. வேஷம் கலைக்க எண்ணெய் இருந்தது, கழுவத் தண்ணீர் இல்லை. வீட்டில் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஊர் முழுக்கத் தேரடியில் இருந்தது, வழியில் ஓர் ஆள் இல்லை. லைன் வீட்டின் பின்பக்கத் தொட்டியில் அந்தப் பெண் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

சிவப்புப் பூசிய கண், அட்டையில் வெட்டிக் கட்டிய கோரைப் பல், கரி பூசிய கன்னம். அவள் கத்தவில்லை. மற்றவர்களாக இருந்தால் முகத்தை மூடியிருப்பார்கள். அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடினாள். அப்படியே சரிந்து விழுந்தாள்.

மாமியார் போட்ட கூச்சலில் தேரடியிலிருந்தே ஆள் வந்துவிட்டது. "மாசமா இருக்கறவ கண்ணுல இந்தக் கருமாந்தரத்தக் காட்டிப்போட்டானே! புள்ளைக்கு இந்த மூஞ்சி வந்துச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்குவேன்!" வயிற்றுப்பிள்ளைக்காரி எந்த முகத்தைப் பார்த்து மிரளுகிறாளோ அந்த முகம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பியதுதான். நானும் நம்பியவன்தான். நான் அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டு, வெறும் ஆளாக, மன்னிப்புக் கேட்க வந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் மாமியாரின் கூச்சல் இன்னும் ஒரு கட்டை ஏறியது. வேஷம் கலைந்த பிறகும் குறையாத அந்தக் கூச்சல்தான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்காரர் வந்து பஞ்சாயத்துப் பண்ணினார். தோட்டம் துரவு உள்ளவர், தன்மையான மனிதர். "ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. வெளிய வர்றப்ப ஒரு இருமல் இருமிப்போட்டு வாங்க. அம்மணி உள்ள போயிக்கும். கம்பெனி கெளம்பற வரைக்கும் இப்பிடியே ஓட்டிக்கலாமுங்க" என்றார். அத்தனை மரியாதையாக அதற்குமுன் யாரும் என்னை ஒதுக்கியதில்லை. எங்கள் ஜில்லாவில் ஒருத்தனை ஊரை விட்டுத் துரத்துவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள்.

போவதற்கு வேறு இடம் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். கூத்தாடிக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அதிலும் இந்த மூஞ்சிக்கு? அதனால் இருமினேன். காலையில் எழுந்ததும் இருமல், குளிக்கப் போகையில் இருமல், கொட்டகைக்குக் கிளம்பும்போது இருமல். நான் இருமியதும் பக்கத்தில் வளையல் சத்தத்தோடு ஒருத்தி உள்ளே ஓடுவதும், கதவு சாத்துவதும் கேட்கும். அதற்குப் பிறகுதான் வெளியே காலை வைப்பேன். நான் தெருமுனை தாண்டுவதற்குள் மாமியார் விளக்குமாறோடு வந்து நான் நடந்த தடத்தைப் பரபரவென்று கூட்டித் தள்ளுவாள். ஓர் ஆள் கிளம்பிப் போனதும் வாசல் கூட்டக்கூடாது என்பார்கள். போனவன் திரும்பாமல் போய்விடுவான் என்று. அவள் தெரிந்தேதான் கூட்டினாள்.

ஒருநாள் என் காலடி மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து, மருமகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வராவிட்டால் கண்பட்டது நிஜம், வந்தால் ஒன்றும் இல்லை என்று கணக்கு. வந்த நெடி சுவருக்கு மேலே ஏறி என் அறைக்குள் இறங்கிவிட்டது. இருமி இருமி எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். ஆகவே நான் நிரபராதி. அதை அந்தப் பக்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாரு, வெளிய வர்றதுக்கு எத்தன இருமல் இருமறான்னு" என்றுதான் கேட்டது.

மத்தியானங்களில் மாமியார் வீட்டுக்காரரின் தோட்டத்துக்குக் களைவெட்டப் போய்விடுவாள். எனக்கு ராத்திரிதான் வேலை. பகலெல்லாம் பாயில் படுத்து ஓட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேட்டுப்பாளையம் போகிற ரயில் கூவிவிட்டுப் போகும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியில் அவள் தன் வயிற்றோடு பேசுவது கேட்கும். "ஏங்கண்ணு, தூங்கிட்டயா? உன்ர மொகம் எப்பிடி இருக்கும் கண்ணு?" என்று கேட்பாள். பதில் வராத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். என்னால்தான் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு கிடப்பேன். அந்த மத்தியானங்களைப்போல் எனக்கு வாழ்க்கை வெறுத்த நேரம் வேறு இல்லை.

பங்குனியில் ஒருநாள் சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது. "ஏனுங்ணா."

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.

"உங்களத்தானுங்க. முழிச்சிட்டுத்தான் இருக்கறீங்க, பாய் சத்தம் கேக்குது. ஒண்ணு கேக்கோணும். அந்த ராட்சசனுக்கு அம்மா இல்லீங்களா?"

எத்தனையோ ஊரில், எத்தனையோ தடவை அந்த ராட்சசனாகச் செத்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை. "எங்க நாடகத்துல இல்லீங்க அம்மணி" என்றேன்.

"நாடகத்துல இல்லீனா இல்லாமப் போயிருமுங்களா? வானத்துல இருந்தா உழுந்துச்சு? ஒருத்தி பெத்துத்தான் இருப்பா. அவ அந்த மொகத்தப் பார்த்து என்ன பண்ணுனாங்கறதுதான் எனக்குத் தெரியோணும்."

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அவ காட்டோரத்துல ஒரு ஊர்ல இருந்தவங்க அம்மணி, நம்மள மாதிரி மனுசிதான்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அன்றிலிருந்து மத்தியானம் தோறும் அந்தக் கதை வளர்ந்தது. ஊர்க்கண்ணுக்கு அசிங்கமாக இருக்கக்கூடாது என்று எதிர் வரிசை அம்மாள் ஒருத்தி முறத்தோடு வந்து அவள் வாசலில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கும் கதை கேட்க ஆசைதான். கதை சொல்வது நான் என்று பேரே தவிர, பாதிக்குமேல் பக்கத்து அறைக்காரி சொன்னது. பிறக்கும்போதே கோரைப் பல்லோடு பிறந்தது என்று சொன்னேன். "பொறக்கறப்ப யாருக்குங்க பல்லு இருக்கும்? பால் குடிக்கறப்ப எல்லாப் புள்ளையும் ஒண்ணுதான்" என்று பல்லைப் பிடுங்கிவிட்டாள். ஊரார் அதைக் காட்டில் எறியச் சொன்னார்கள் என்றேன். "சொல்லுவாங்க. அவ எறிஞ்சிருக்க மாட்டா" என்றாள். நான் பச்சை மாமிசம் தின்னக் கொடுத்தேன், அவள் களியும் கீரையும் போட்டாள். ராட்சசன் என் கையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

கர்ஜனை விஷயம் மட்டும் எனக்கே தோன்றியது. ஊரார் தடியோடு வருகிறார்கள் என்று தெரிந்து, அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுக்காட்டுக்கு ஓடுகிறாள். கிணற்றடியில் உட்காரவைக்கிறாள். "நான் சோறு கொண்டுட்டு வாரேன். அதுவரைக்கும் இந்த எடத்த உட்டு நவுராதே. யாரு வந்தாலும் உன்னால ஆன மட்டும் கத்து. அவங்க பயந்து ஓடிப்போயிட்டா நீ பொழைச்சுக்குவே" என்று கத்தக் கற்றுக்கொடுக்கிறாள். அவளே கத்திக் காட்டுகிறாள். போனவள் திரும்பவில்லை. பிள்ளை வளர்ந்து பெரிய ராட்சசனாகிவிட்டது. கிணற்றுக்குள் ரத்தினம் இருக்கிறது, அதனால்தான் காவல் காக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு ரத்தினம் என்றால் என்ன என்றே தெரியாது. அது அம்மாவுக்காக உட்கார்ந்திருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் முறத்தில் தானியம் புடைக்கிற சத்தம் நின்றிருந்தது.

"அப்ப அது பயத்துலதான் கத்துதுங்களா?" என்றாள்.

"ஆமாங்க அம்மணி."

"அய்யோ பாவம். அன்னைக்கி நான் பயந்தனே, என்னப் பார்த்து அதும் பயந்திருக்குமுங்க."

தேரன்று தொட்டியடியில் நானும் நடுங்கிப்போய்த்தான் நின்றேன். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவள் இதைச் சொன்ன அன்று ராத்திரி கொட்டகையில் கர்ஜனை பண்ணும்போது என்னையறியாமல் கண் பக்கவாட்டில் போயிற்று, யாரோ சோறு கொண்டுவருகிற வழியைப் பார்க்கிற மாதிரி. வாத்தியார் திரைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். "அழுமூஞ்சி ராட்சசன் எந்த ஊர்லடா இருக்கான்? நாளைக்கு இந்த மாதிரி கத்தினே, வேஷத்தை மாத்திக் கொடுத்துடுவேன்" என்றார். எனக்கு மாற்றிக் கொடுக்க அவரிடம் வேறு என்ன வேஷம் இருந்ததோ.

இன்னொரு நாள் அவளாகவே சொன்னாள். "மொதப் புள்ள செத்துப் பொறந்துச்சுங்ணா. அது மொகத்த என்னப் பாக்கவே உடலீங்க. பார்த்தா மனசு உட்டுப்போயிருமாம், துணியச் சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது எப்பிடி இருந்துச்சுன்னு தெரியாமத்தான் எனக்கு மனசு உட்டுப்போச்சு. இது எந்த மொகத்தோட வந்தாலும் நான் பாக்கோணுமுங்க. பாத்துப்போட்டுத் தூக்கிக்கோணும். தூக்கிக்குவனாங்கறதுதான் எனக்குப் பயமே."

"தூக்கிக்குவீங்க."

"எப்பிடிங்க சொல்றீங்க?"

"ராட்சசனுக்கே களியும் கீரையும் போட்ட ஆளு நீங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எதிர் வரிசை அம்மாள் சும்மா இருப்பாளா? மாமியாருக்கு விஷயம் போய்விட்டது. விளக்குமாறோடு என் வாசலில் வந்து நின்றாள். "கதையாம் கதை. கண்ணுல காட்டுனது பத்தாதுன்னு காதுலயும் ஊத்தறயா?" என்று பிடித்துக்கொண்டாள். 'ங்க' கூடப் போடவில்லை. மறுநாள் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மருமகள் சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாளாம். அதற்குமேல் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து சீக்கிரமாகவே திரும்ப ஆரம்பித்தாள். நான் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தில் வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் இடிப்பது நின்றது. "அந்தப் பொம்பளைக்கு என்னதான் ஆச்சாம்? பெத்த புள்ளய உட்டுப்போட்டு இன்னுமா வர்லியாம்?" என்று சுவரைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியவில்லை. மருமகளும் தினம் அதையேதான் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மா வந்தாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்து செத்துப்போன அம்மா யாரும் திரும்பி வந்ததில்லை. வரவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் அவர்கள் வீட்டில் சேனை வைக்கிற பேச்சு நடந்தது. குழந்தை பிறந்ததும் முதல் காரியமாக யாராவது ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். சேனை வைக்கிறவர்களின் குணம் குழந்தைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரரைக் கூப்பிடுவதாக மாமியார் முடிவு பண்ணியிருந்தாள். பொறுமைசாலி, நாலு பேருக்கு நல்லவர். நல்ல தேர்வுதான் என்று நானும் பாயில் படுத்தபடி நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் கம்பெனி சோமனூருக்குக் கிளம்பியது. திரைச்சீலையும் தகரக் கத்தியும் வண்டியில் ஏறிவிட்டன. மத்தியானத்துக்குள் வண்டிகள் புறப்படும் என்றார் வாத்தியார். என் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். விடியும்போதே பக்கத்து அறைக்கு மருத்துவச்சி வந்துவிட்டாள். முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு முனகலும் குறைந்துபோயிற்று. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

திடீரென்று சுவரில் தட்டும் சத்தம். மாமியார். "ஏனுங்க, இருக்கறீங்களா? போயிடலீங்களே?"

"இருக்கறனுங்க."

"அவ மயங்கி மயங்கிப் போறாளுங்க. பேச்சுக் குடுத்துட்டே இருக்கோணும்னு மருத்துவச்சி சொல்றா. நாங்க என்ன பேசுனாலும் முழிக்க மாட்டேங்கறா. அந்தக் கதைய எடுத்து உடுங்க சாமி. உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க." அந்தக் குரலில் விளக்குமாறு இல்லை.

நான் சுவரை ஒட்டி நின்றேன். என் வாழ்நாளில் எந்தக் கொட்டகையிலும் அவ்வளவு உரக்கச் சொன்னதில்லை. காட்டையும் கிணற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தெருவில் வண்டிக்காரன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டான். அப்புறம் மாட்டை அதட்டுகிற சத்தமும், சக்கரம் உருண்டு போகிற சத்தமும் கேட்டன. நான் கதையை நிறுத்தவில்லை.

"அம்மா... வந்தாளுங்களா?" ஈனஸ்வரத்தில் அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

இனி நாளைக்கு என்று சொல்ல முடியாது. "வந்தாளுங்க அம்மணி" என்றேன். "ரொம்ப வருசம் கழிச்சு வந்தா. வழி மறந்துபோயிக் காடு காடாத் தேடியிருக்கறா, தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. அன்னைக்கிக் கிணத்தடிக்கு ராஜகுமாரன் ஆளுகளோட வந்திருக்கறான். ராட்சசன் கத்துது. காடே அதிருது. கத்தி வெச்சிருந்தவங்கல்லாம் திரும்பிப் பார்க்காம ஓடறாங்க, ராஜகுமாரன் மொதல்ல ஓடறான். ஒருத்தி மட்டும் ஓடலீங்க. அந்தச் சத்தத்துக்கு அவ எப்பிடிங்க பயப்படுவா? அவ சொல்லிக்குடுத்த சத்தமாச்சே! சத்தம் வந்த தெசையப் பார்த்து நடந்து வாரா. இன்னும் கத்து கண்ணு, இன்னும் கத்து, உன்ர சத்தத்தப் புடிச்சுட்டு வந்தர்றேன்னு சொல்லிக்கிட்டே வாரா..."

அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு கத்தல் கேட்டது. அவளுடையது. அதன்பின் இன்னொரு கத்தல், சின்னதாக, கோபமாக. மருத்துவச்சி சிரித்தாள். மாமியார் ஓவென்று அழுதாள். நான் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் கதவைத் தட்டினாள் மாமியார். "ஏனுங்க, கொஞ்சம் வாங்க. சேனை வெக்கோணும்."

"வீட்டுக்காரர் வர்லீங்களா?"

"அவரக் கூப்புடலாம்னா அவ ஒரே புடியா நிக்கறாளுங்க. சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருக்கறவருதான் வெக்கோணுமாம். வாங்க, நேரமாகுது."

வாசற்படிக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் நின்று இருமினேன்.

"அட, இருமாம வாங்க!" என்றாள் அவள்.

அவர்கள் வாசலில் நின்றேன். கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே இருட்டு. மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். சிவந்து, சுருங்கி, யாருடைய முகமும் இல்லாத முகம். பெண் குழந்தை. கையைக் கழுவிக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரில் சுண்டுவிரலைத் தோய்த்தேன். நாக்கில் வைத்ததும் சப்பியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. நான் அதுவரை எந்த முகத்துக்கு முன்னாலும் அப்படி நின்றதில்லை. அது பார்க்கட்டும் என்று குனிந்து நின்றேன்.

உள்ளேயிருந்து அவள் கேட்டாள், "பயந்துச்சுங்களா?"

"இல்லீங்க அம்மணி. கொட்டாவி உட்டுதுங்க."

உள்ளே அவள் சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தேரன்று ஒரு நொடி பார்த்ததில் எனக்கு நினைவிருப்பது வயிற்றை மூடிய இரண்டு கைகள்தான்.

மூட்டையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விளக்குமாறு சுவரில் சாய்ந்திருந்தது. நான் மறைகிற வரைக்கும் அவள் அதைத் தொடவில்லை.

வண்டிகளைப் பிடிக்க சோமனூர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் பேச ஆள் இல்லை. அங்கே வேறொரு தனி அறை, ஓடு வரைக்கும் எட்டிய சுவர். இரண்டு வருஷத்தில் பேசும்படம் எங்கள் கம்பெனியைத் தின்றுவிட்டது. அப்புறம் ஒருமுறை காரமடையில் இறங்கிப் பார்த்தேன். மகனுக்கு மில் பக்கத்திலேயே வீடு கிடைத்து எல்லாரும் போய்விட்டார்கள் என்றார்கள். பீளமேட்டில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வருகிற நேரத்துக்கு இரண்டொரு தடவை போய் நின்றிருக்கிறேன். யாரை என்று தேடுவது? மகன் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அறைக்குள்ளேயே கிடந்ததால் அவன் முகமும் எனக்குத் தெரியாது, அவள் முகமும் தெரியாது. எங்கோ நான் சேனை வைத்த பெண் என் முன்கோபத்தோடு வளர்ந்து வீட்டாரைப் படுத்திக்கொண்டிருப்பாள், பாவம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது இருப்பதும் தனி வீடுதான். கதவைத் திறப்பதற்கு முன்னால் இன்றும் ஒரு இருமல் வந்துவிடுகிறது. இருமிவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். இருமாமல் வாங்க என்று சொல்ல யாரும் இல்லை.